கந்தையில் தைத்த கிறிஸ்துமஸ்

"கந்தை" என்ற சொல் தமிழில் ஏழ்மையின் அடையாளமாகவே புழங்கி வருகிறது. "கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் இருக்க முடியாது. அதே வடமொழி மூலத்திலிருந்து வங்காளிகளுக்கு வந்து சேர்ந்த சொல் "காந்தா". பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, கைத்தையலால் ஒன்றாக்கிச் செய்கிற போர்வைக்கு அந்தப் பெயர். நாம் வெட்கப்பட்டு மடித்து ஒளித்து வைப்பதை இவர்கள் பூவும் கொடியும் போட்டுக் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கிறார்கள். பிழைப்புக்காகக் கொல்கத்தா வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்ட எனக்கு, ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு விதமாக வாழ்வது இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சங்கத்தின் கிறிஸ்துமஸ் மாலைக்கு மேடை அலங்காரம் பற்றி மகளிர் குழுவில் பேச்சு வந்தபோது, வீட்டிலுள்ள பழைய புடவைகளைக் கொண்டு ஒரு பெரிய சுவர்த் தொங்கல் தைக்கலாம் என்று நான் சொன்னேன். இளைய உறுப்பினர் ஒருவர், "எதுக்கு டீச்சர் இவ்ளோ கஷ்டம்? ஆன்லைன்ல ரெடிமேடாவே கிடைக்குது. வெள்ளைக்காரங்க சமாச்சாரம்தானே, வாங்கி மாட்டிட்டுப் போயிடலாம்" என்றார். வயதில் மூத்த அக்கா ஒருவருக்கு வேறு கவலை. "பழந்துணியைப் போயி சாமி காரியத்துக்குச் சுவத்துல மாட்டறதா? கந்தல் வீட்டுக்குத் தரித்திரம்னு எங்க அம்மா சொல்லுவாங்க" என்றார். இரண்டுமே அசட்டை செய்யக்கூடிய பேச்சு அல்ல. இரண்டுக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. அந்தப் பதில் நாம் விட்டுவந்த சோழமண்டலக் கடற்கரையையும், நாம் வந்து குடியேறிய இந்த ஹூக்ளிக் கரையையும் தொட்டுச் செல்கிறது என்பதே என்னை இதை எழுதத் தூண்டியது.

பழந்துணியும் புனிதமும்

முதலில் அக்காவின் கவலையை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் கதையே துணியில்தான் தொடங்குகிறது. சத்திரத்தில் இடம் கிடைக்காத தாய், பிறந்த பிள்ளையைத் துணிகளில் சுற்றி மாட்டின் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் என்று லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. நம் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லையே. பாட்டியின் நைந்த புடவையோ தாத்தாவின் பழைய வேட்டியோதான் முதல் உடை. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை எந்தக் கடையிலும் விற்பதில்லை என்பது ஒரு காரணம்; பெரியவர்கள் உடுத்திய துணியில் அவர்கள் ஆசி இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னொன்று. வங்காளத்திலும் சின்னக் காந்தாக்கள் குழந்தைகளுக்காகவே தைக்கப்படுகின்றன.

பௌத்தத் துறவிகளின் சீவர ஆடையும் துண்டு துண்டாக வெட்டிய துணியை இணைத்துத் தைத்ததுதான். வரப்புக் கட்டிய வயலைப் போல் அது தைக்கப்பட வேண்டும் என்பது விநய விதி. குப்பைமேட்டிலும் மயானத்திலும் பொறுக்கிய துணியில் ஆடை தைத்து உடுத்துவதை உயர்ந்த நோன்பாகவே அவர்கள் கருதினார்கள். சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் 1907இல் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்த பொருள்களுள், பட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த துணிகளும் உண்டு. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேரில் தொங்குகிற தொம்பைகளை நினைத்துப் பாருங்கள். வண்ணத் துணிகளை யாளி, மயில், தாமரை என்று வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பதுதானே அது? ஆக, ஒட்டுப்போட்ட துணியைச் சாமி காரியத்துக்குத் தொங்கவிடுவது நமக்குப் புதிதல்ல. தொம்பை புதுத்துணி, நாங்கள் எடுத்தது பழந்துணி, அவ்வளவே வித்தியாசம்.

காந்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று முதல் ஐந்து புடவைகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களில் கனமாக எதையாவது வைத்து, முதலில் பெரிய பெரிய தையலாக ஓட்டி நிறுத்துகிறார்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக நெருக்கமான நேர்த்தையல். நடுவில் பெரும்பாலும் ஒரு தாமரை. தையலுக்கு வண்ண நூலும் கடையில் வாங்குவதில்லை. பழைய புடவைக் கரையிலிருந்தே இழை இழையாக உருவிக்கொள்வார்கள். தையல் நெருங்க நெருங்கத் துணி முழுவதும் காற்றடித்த குளத்துநீர் மாதிரி சின்னச் சின்ன அலைகள் எழும்பும். ஒரு பெரிய காந்தாவை முடிக்க மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் தாய் தொடங்கியதை மகள் முடிப்பாள்.

இந்த ஊர்ப் பெண்கள் இதில் தங்கள் வாழ்க்கையையே எழுதிவைத்தார்கள். குல்னாவைச் சேர்ந்த மானதாசுந்தரி தாசி என்பவர் 19ஆம் நூற்றாண்டில் தன் தகப்பனாருக்காகத் தைத்த காந்தா, தன் பெயரையும் தைத்து வைத்ததால், இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அதைத் தேடிச் சேர்த்தவர் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத். அவர் சேகரிப்புக்காக ஜோக்காவில் 1963இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட "நக்ஷி காந்தார் மாட்" என்ற கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த பெண் தன் துயரத்தையெல்லாம் ஒரு காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் இதை விவரிக்கும்போது கண்கலங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழு தைத்தது ஐந்தடிக்கு நாலடி. அடியில் பழைய வேட்டி, நடுவில் நைந்த பருத்திப் புடவை, மேலே வெளுத்த வெள்ளை மல். அதன்மேல் மாட்டுக்கொட்டில் காட்சி. மரியாளுக்கு நீலநிற மதுரைச் சுங்குடி, யோசேப்புக்குச் செட்டிநாட்டுக் கண்டாங்கி, நட்சத்திரத்துக்குக் காஞ்சிபுரம் புடவையின் கிழிந்த சரிகைக் கரை. தைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை: சுங்குடியைத் தைப்பதற்கு முன்பே தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பழம்பட்டை மடிப்பு இருந்த இடத்தில் வெட்டாதீர்கள், இழை அங்கேதான் முதலில் விடும். மேல்விளிம்பின் பின்பக்கம் குழாய் மாதிரி ஒரு பட்டை தைத்து அதற்குள் மூங்கில் கழியைச் செருகினால் பாரம் சமமாகத் தாங்கும். ஆணியில் மாட்டினால் ஒரே வாரத்தில் மூலை இழுத்துக்கொள்ளும். தரித்திரம் என்று சொன்ன அக்கா இரண்டாம் வாரம் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே அவர் அம்மாவின் கண்டாங்கி. "யோசேப்புக்குப் போடுவியோ யாருக்குப் போடுவியோ, நல்லாத் தெரியற இடத்துல வையி" என்று மட்டும் சொன்னார்.

ஹூக்ளியிலிருந்து லிஸ்பனுக்கு

இனி, "வெள்ளைக்காரர் சமாச்சாரம்" என்ற கூற்று. உள்ளே பஞ்சோ துணியோ வைத்து மூன்றடுக்காகத் தைப்பதை ஆங்கிலத்தில் குவில்ட் என்கிறோம், நம் வடநாட்டு ரஜாய் போல. ஐரோப்பாவில் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக இன்று எஞ்சியிருப்பது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்யப்பட்ட, டிரிஸ்டன் கதையைச் சொல்லும் குவில்ட். ஆகவே அவர்களிடம் இந்தக் கலை இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்ச்சுகீசியர் ஹூக்ளிக்கு வந்தபோது, பக்கத்திலிருந்த சாத்காவ் என்ற பழந்துறைமுகப் பகுதிக் கைவினைஞர்கள் பருத்தித் துணியின்மேல் மஞ்சள் நிறத் தசர்ப் பட்டு நூலால் சங்கிலித் தையல் போட்டுச் செய்த மெத்தைத் துணிகளைக் கண்டு மயங்கிப்போனார்கள். "கோல்ச்சா" என்று அவற்றுக்குப் பெயர் சொல்லி லிஸ்பனுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். இந்தக் கைவினைஞர்கள் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆனால் கேட்ட வாடிக்கையாளருக்காகச் சாலமோன் ராஜாவின் தீர்ப்பையும் யூதித்தின் கதையையும், வேட்டைக் காட்சிகள், கப்பல்கள் இவற்றுக்கு இடையே தைத்துக் கொடுத்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் லிஸ்பன் தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்திலும் இத்தகைய துணிகள் இருக்கின்றன.

நம்மில் பலர் டிசம்பர் மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாண்டேல் மாதா கோயிலுக்குப் போகிறோம். 1599இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கோயிலைச் சுற்றியிருந்த குடியிருப்பிலிருந்துதான் இந்தச் சரக்கு போயிற்று. 1632இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியைப் பிடித்ததோடு போர்ச்சுகீசியரின் ஆட்டம் அடங்கிவிட்டது. பைபிள் காட்சியைத் துணியில் தைத்து மாட்டுவது இந்த ஆற்றங்கரையில் 400 வருஷத்துப் பழைய தொழில் என்பதைப் பாண்டேலுக்குப் பிக்னிக் போகிற எத்தனை பேர் அறிவோம்?

ஒரு கிறிஸ்துமஸ் நாள் முதல் தடை

சோழமண்டலக் கரையின் கதை இதைவிடப் பெரிது. "சீட்டிப் பாவாடை" என்று நம் பாட்டிமார் சொன்ன அந்தச் சீட்டியைத்தான் ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றார்கள். சாயவேர் தந்த சிவப்பும், அவுரி தந்த நீலமும், கடுக்காய் ஏற்றிய துணியும் சேர்ந்து, எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காத வண்ணத்தை அன்றைய ஐரோப்பாவில் யாராலும் போட முடியவில்லை. பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரரும் சென்னைப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயரும் இவற்றை ஏற்றிச் சென்றார்கள். அங்கே கட்டில் திரையாக, மேல்விரிப்பாக, சுவர்த் தொங்கலாக ஆயிற்று. ஒரு துண்டைக்கூட வீணாக்க மனம் வராமல், கிழிந்த பகுதியிலிருந்து பூவையும் பறவையையும் வெட்டியெடுத்து வெள்ளைத் துணியின்மேல் வைத்துத் தைத்தார்கள். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் உள்ள, 1708ஐ ஒட்டிய ஒட்டுத்துணி விரிப்புதான் அந்நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அது முழுக்க இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. சீமாட்டிகள் பொறுக்கிச் சேர்த்த கந்தை நம்மூர்க் கந்தை!

இதனால் அங்கே நெசவாளர் பிழைப்புக் கெட்டது. பிரான்ஸ் 1686இலேயே தடை விதித்து 1759வரை நீடித்தது. லண்டனில் 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் போகிற பெண்களின் சீட்டி உடைகளைக் கிழித்தெறிந்தார்கள். சிலர்மேல் அமிலத்தையே ஊற்றினார்கள். 1721இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அச்சிட்ட, வண்ணமிட்ட பருத்தித் துணியை உடையாகவோ வீட்டு அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது. உடுத்தினால் 5 பவுன், விற்றால் 20 பவுன் அபராதம். அது நடைமுறைக்கு வந்த நாள் எது தெரியுமா? 1722 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள் முதல் நம் துணி அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கக் கூடாது! அந்தத் தடை 1774இல்தான் நீங்கியது. அதற்குள் அவர்களே அச்சிடக் கற்றுக்கொண்டு, இயந்திரத்தையும் பூட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கற்றுக்கொண்டது எப்படி என்பதில் ஒரு தமிழ்நாட்டுக் கிளைக்கதை இருக்கிறது. கேர்தூ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1742இல் சோழமண்டலக் கரையிலிருந்து ஊருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், துணியை எருமைப் பாலிலும் கடுக்காயிலும் ஊறவைப்பது முதல், எந்த இடத்தில் மெழுகு பூசுவது, எந்த நேரத்தில் வெயிலில் போடுவது என்பது வரை சீட்டி எழுதும் முறை முழுவதையும் விவரித்தார். அவருக்கு இதையெல்லாம் சொன்னவர்கள், அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளர்களே. குருவை நம்பிச் சொன்னார்கள். குரு தன் நாட்டை நினைத்து எழுதினார். யாரைக் குற்றம் சொல்வது? எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரத்தான் செய்கிறது. இதே கேர்தூதான் வடமொழிக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவை 1767இலேயே சுட்டிக்காட்டியவர், வில்லியம் ஜோன்ஸ் நம் பார்க் தெரு ஆசியச் சங்கத்தின் அவையில் அதைச் சொல்வதற்கு 19 வருஷம் முன்பு, என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இலையும் கிளையும்

துணிக்குத்தான் தடை என்றில்லை, கிறிஸ்துமஸுக்கே தடை இருந்தது. பசுங்கிளைகளால் கோயிலை அலங்கரிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. 601இல் போப் முதலாம் கிரகோரி இங்கிலாந்துக்குப் போன துறவி மெல்லிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில், பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், திருநாள் அன்று அவற்றைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டு மக்கள் கொண்டாடட்டும் என்று அனுமதி கொடுத்தார். லண்டனைப் பற்றி 1598இல் எழுதிய ஜான் ஸ்டோ, கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடுகளும் கோயில்களும் ஹோலி, ஐவி முதலிய பச்சிலைகளால் நிறைந்திருந்ததைக் குறிப்பிடுகிறார். தூய்மைவாதிகள் கை ஓங்கிய 1647இல் நாடாளுமன்றம் இந்தப் பண்டிகையை ஒழித்தபோது, காண்டர்பரி மக்கள் அந்த டிசம்பர் 25இல் வாசலில் ஹோலிக் கிளைகளை வைத்துக் கலகம் செய்தார்கள். மாவிலைத் தோரணம் கட்டியதற்காக ஒருவர் அடிதடியில் இறங்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்களேன்.

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானியர் கொடுத்தது. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் வீடுகளில் ஃபிர் மரத்தில் காகித ரோஜா, ஆப்பிள், அப்பம், இனிப்பு இவற்றைக் கட்டியதாகக் குறிப்பு இருக்கிறது. பளபளக்கும் கண்ணாடி உருண்டையெல்லாம் மிகப் பிந்தியது. அதற்கு முன்பு மரத்தில் தொங்கியது வைக்கோல் நட்சத்திரமும் பைன் காயும்தான். இங்கிலாந்தில் 1800இல் அரசி சார்லட் விண்ட்சரில் ஒரு யூ மரத்தை அலங்கரித்தார். 1848இல் விக்டோரியா குடும்பத்தின் மரம் படமாகப் பத்திரிகையில் வந்தபின் ஊரெல்லாம் பரவியது.

பனி பெய்யாத நம் நாட்டில் என்ன செய்தோம்? கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டோம். திருநெல்வேலிச் சீமையில் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். குடிலுக்குப் புல் வேண்டுமென்று இரண்டு வாரம் முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்துவிடுவோம், முளைப்பாரி மாதிரி. மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் செய்யாத பொருள் இல்லை, நட்சத்திரம் அவர்களுக்கு ஒரு பொருட்டா? கொல்கத்தாவுக்கு வந்தபின் நான் கண்டுகொண்டது ஷோலா. சதுப்பு நிலத்தில் வளரும் அந்தச் செடியின் வெண்ணிறத் தண்டை மெல்லிதாகச் சீவித்தான் வங்காளிக் கல்யாண மாப்பிள்ளையின் தொப்பியும் துர்கையின் அலங்காரமும் செய்கிறார்கள். அதுவேதான் நம் நெட்டி! தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கலாம். ஷோலாவில் வெட்டிய தேவதூதர்களைச் சவுக்குக் கிளையில் கட்டினால் தூரத்திலிருந்து பார்க்கப் பனி படிந்தது போலவே இருக்கும். தாமரைக் காய்களை மல்லிக் காட் பூச்சந்தையில் வாங்கிக் காயவைத்துக் கொள்ளலாம். பைன் காய் டார்ஜிலிங் போய்வருகிறவர்கள் தயவு.

ஐந்து டாலர்

அமெரிக்காவிலும் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் போட்டது. தென்மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான சில நாள்கள்தாம் அடிமைகளுக்குக் கிடைத்த ஓய்வு. அந்த ஓய்வும் முழு மகிழ்ச்சி இல்லை. ஏனென்றால் ஜனவரி 1 அன்று அடிமைகளை வேறு பண்ணைகளுக்கு ஓராண்டு வாடகைக்கு விடுவார்கள். யார் மனைவி எங்கே போவாள், யார் பிள்ளை எங்கே போகும் என்று தெரியாத பண்டிகை அது.

அந்த உலகத்தில், ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகருக்கு அருகில், 1837 அக்டோபர் 29இல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். ஜார்ஜியாவில்தான் 1793இல் எலி விட்னி பஞ்சிலிருந்து கொட்டையை நீக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதனால் பருத்திப் பயிர் பெருகியது, அதைப் பறிக்க அடிமைகள் தேவையும் பெருகியது. சோழமண்டலத் துணியை மான்செஸ்டர் வீழ்த்தியதே இந்தப் பஞ்சை வைத்துத்தான். ஹேரியட் 18 வயதில் மணந்து, பிள்ளைகள் பெற்று, உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையடைந்து, கணவரோடு ஒரு சிறு நிலத்தில் பயிர் செய்து வாழ்ந்தார்.

1886இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அவர் தைத்த ஒரு குவில்ட் வைக்கப்பட்டது. ஏறக்குறைய ஆறடிக்கு ஏழடி, 11 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் துணியை வெட்டி ஒட்டிய பைபிள் காட்சி: ஏதேன் தோட்டம், ஆபேலின் கொலை, யாக்கோபின் கனவு, யூதாசும் முப்பது வெள்ளிக்காசும், சிலுவை. கடைசிக் கட்டம் யோசேப்பு, மரியாள், குழந்தை, தலைக்குமேல் பெத்லகேம் நட்சத்திரம். சிலுவைப்பாட்டுக்குப் பிறகு பிறப்பை வைத்திருக்கிறார் பாருங்கள், அந்த வரிசை என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. குழந்தையைச் சுற்றி அவர் தைத்த சிலுவைகள், அது பின்னால் சுமக்கப்போகிறவை என்று அவரே விளக்கம் சொன்னார்.

ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளை இன ஓவிய ஆசிரியை அதைப் பார்த்து விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தர மாட்டேன் என்றார் ஹேரியட். நாலைந்து வருஷம் போயிற்று. காலம் கெட்டு, கையில் காசில்லாமல், விற்றுவிடலாம் என்று கணவரும் சொல்ல, மாவுச்சாக்கில் சுற்றி அதன்மேல் இன்னொரு சாக்குப் போட்டு, மாட்டுவண்டியில் அதை எடுத்துக்கொண்டு ஸ்மித் வீட்டுக்கு வந்தார். பத்து டாலர் கேட்டார். ஸ்மித் ஐந்துதான் கொடுக்க முடியும் என்றார். வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசிவிட்டு, ஐந்துக்கே சம்மதித்தார். போவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொன்னார்; ஸ்மித் எழுதிக்கொண்டார். நல்லகாலம், எழுதிக்கொண்டார். பிற்பாடும் ஹேரியட் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து, தன் பிள்ளையைப் பார்க்க வருவது போல அதைப் பார்த்துவிட்டுப் போனாராம். இனி என் வீட்டில் விழுகிற துண்டுத் துணியெல்லாம் உனக்குத்தான் என்று ஸ்மித் சொன்னபோதுதான் ஓரளவு ஆறுதல் அடைந்தார் என்றும் ஸ்மித்தின் குறிப்பு சொல்கிறது. ஒரு தையல்காரப் பெண்ணின் மனசு இந்த ஒரு வரியில் வெளிப்படுகிறது.

1895 முதல் 1898க்குள் அவர் தைத்த இரண்டாவது குவில்ட்டில் 15 கட்டங்கள். மோசேயும் யோனாவும் ஒருபுறம். மறுபுறம் 1833 நவம்பரில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டிய இரவு, 1895 பிப்ரவரியில் மக்களை உறைய வைத்த குளிர் வியாழக்கிழமை, ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய பெட்ஸ் என்ற பன்றி! பன்றிக்கு என்ன வேலை என்று சிரிப்பு வரும். வடக்கு நோக்கி ஓடித் தப்பித்தவர்களின் நினைவு அதில் இருக்கிறது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்; எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அடிமைகள் தப்பிச் செல்ல குவில்ட்களில் ரகசியக் குறியீடு தைத்தார்கள் என்று 1999இல் வந்த ஒரு நூலால் பரவிய கதையைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் குழப்பிவிட வேண்டாம்.

ஹேரியட் 1910 ஜனவரி 1இல் இறந்தார். ஐந்து டாலர் குவில்ட் வாஷிங்டன் ஸ்மித்சோனியனுக்கும், மற்றது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கும் 1960களில் போய்ச் சேர்ந்தன. 1992இல் ஸ்மித்சோனியன் அனுமதியோடு இந்த பைபிள் குவில்ட்டின் நகல்கள் சீனாவில் செய்யப்பட்டு மலிவாக விற்பனைக்கு வந்தபோது, அமெரிக்கக் கைத்தையல் பெண்கள் பெருங்கூச்சல் போட்டார்கள். அவர்கள் சொன்னது, துணியை நகலெடுக்கலாம், உழைப்புக்கு என்ன விலை போட்டீர்கள் என்பதே. அந்த நகலைத் தைத்த சீனப் பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கேட்டவர் குறைவு. நாம் இன்று ஆன்லைனில் வாங்குகிற தொங்கலுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே ஹேரியட்டைப் பற்றி நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 1896இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தின் படி 2009இல் தெரியவந்தபோது அது பொய்யாயிற்று. 2021 அக்டோபரில் பாஸ்டனில் தொடங்கிய கண்காட்சியில்தான் அவருடைய இரண்டு குவில்ட்களும் முதன்முறையாக ஒரே இடத்தில் சேர்ந்து காட்சிக்கு வந்தன. அந்தக் கடிதத்தில் அவர் வேறு குவில்ட்களையும் தைத்ததாகச் சொல்கிறார். அவற்றில் ஒன்று ஆண்டவரின் இராவுணவைப் பற்றியது. அவை யார் வீட்டுப் பெட்டியில், எந்தக் கந்தையோடு கந்தையாகக் கிடக்கின்றனவோ, இன்னும் கிடைக்கவில்லை.